நீலக் குடுவை மிஷன்கள்

தேங்காய்ப்பட்டணம்
16 மார்ச் 2025

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஷார்ஜாவில் இருந்த காலத்தில் உன் அம்மாவுக்கு மாதம் தவறாமல் கடிதம் எழுதியவன்தான். கைப்பேசி வந்த பிறகு பேனா பிடிப்பதே விட்டுப்போயிற்று. உங்கள் மடத்தில் கைப்பேசி கூடாது, கடிதம் மட்டும்தான் என்று உன் மாமா பிரைட்டன் சொன்னான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ மடத்துக்குக் கிளம்பிய அன்று நான் வீட்டில் நிற்காமல் துறைமுகத்தில் போய் இருந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. வேறொரு காரியம் கேட்கவேண்டும்.

போன வாரம் உன் பிரைட்டன் மாமா வந்தான். "அத்தான், ரெஜிஷாக்க கேம் மெஷின் சும்மாத்தானே கெடக்கு. எனக்க கடையில வச்சா யாராவது எடுப்பாங்க. ஓடுதான்னு பாத்துட்டுக் கொண்டு போறேன்" என்று டிவியில் மாட்டினான். ஒரு பெரிய பட்டணம் வந்தது. நல்ல மழை. உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில், சிறகு வைத்த உடுப்போடு ஒரு பெண் தனியாக நின்றாள்.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"இவதான் கைட். பட்டணத்தக் காப்பாத்துத சூப்பர் ஹீரோ. ரெஜிஷா கடைசியா விட்ட எடம் இதாக்கும்."

நீ போன நாளில் இருந்து அவள் அந்த மழையில் நிற்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. அதற்குள் அடுக்களையில் இருந்து உன் அம்மா, "பிள்ளைக்க சாதனம் ஒண்ணையும் தொடப்பிடாது" என்றாள். பிரைட்டன் வெறுங்கையோடு போனான்.

பிறகு நான் அதன் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். இரண்டு குச்சி இருக்கிறது. ஷார்ஜாவில் நான் ஓட்டிய கிரேனிலும் இரண்டு லிவர்தான். ஆனால் கிரேனைப் பொறுமையாக ஓட்டவேண்டும். இவள் பொறுமையாகப் பறந்தால் கீழே விழுகிறாள். இரண்டு தடவை மாடியில் இருந்து விழுந்தாள். எழுந்துகொண்டாள்.

மேப்பில் நீல நிறத்தில் குடுவை அடையாளங்கள் இருக்கின்றன. பாதி வெள்ளையாகிவிட்டது, அது நீ முடித்தது என்று பிரைட்டன் சொல்கிறான். அதெல்லாம் சயன்ஸ் வேலையாம், கதைக்கு வெளியே உள்ள சில்லறை மிஷன்களாம். நீ கதையை ஆரம்பிக்கவே இல்லையாம். வில்லன் பக்கமே போகாமல் குடுவைகளுக்குப் பின்னால் மட்டும் பறந்திருக்கிறாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது ஒரு ஃபாக்டரியின் புகையைப் பிடித்துச் சோதிக்கச் சொல்கிறது. புகைக்குள் போனதும் கையில் இருக்கும் கருவி நின்றுபோகிறது. என்ன செய்யவேண்டும்?

அப்பா
இஞ்ஞாசி


கொடைரோடு
30 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் தருவார். உங்களுடையதைத் தரும்போது, "உங்க வீட்டுல யாரும்மா மாடியிலேர்ந்து விழுந்தது?" என்று கவலையாகக் கேட்டார். விளையாட்டில் விழுந்தது என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றி நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே வரும்போது விட்டுவிட்டு வந்தவற்றில் அதுவும் ஒன்று. ஒயரைச் சுருட்டி வைத்தபோதே இனி இதை நினைக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முதல் நாள் ஜெபத்திலேயே நினைத்தேன்.

புகைக்கு நடுவில் போகாதீர்கள். அங்கே சூடு அதிகம், கருவி தாங்காது. காற்று வரும் பக்கத்துக்கு எதிராக, புகையின் ஓரத்தை ஒட்டி வட்டமடியுங்கள். மூன்று புகைபோக்கியிலும் அப்படியே எடுங்கள். எதில் மஞ்சள் கோடு உயரமாக வருகிறதோ அதில்தான் கந்தகம் அதிகம். அந்தப் புகைபோக்கியைக் குறித்துக் கொடுத்தால் குடுவை வெள்ளையாகிவிடும்.

கடிதம் முழுவதும் இதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் மணியடித்ததும் எழுவது மட்டும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். அம்மா "தொடப்பிடாது" என்று சொன்னது யாரிடம்? உங்களைப் பார்த்துச் சொன்னாளா?

உங்கள் மகள்
ரெஜிஷா


தேங்காய்ப்பட்டணம்
10 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

உன் அம்மா யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அடுக்களைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். இதை எதற்குக் கேட்டாய்? நான் அவளிடமே விசாரிக்கலாம் என்று போனேன், அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், திரும்பி வந்துவிட்டேன்.

புகை வேலை முடிந்தது. நீ சொன்னபடி ஓரத்தில் சுற்றினேன். குடுவை வெள்ளையானபோது எனக்குப் பெருமையாக இருந்தது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்தது கரண்டு வேலை. பாலத்துக்கு அடியில் ஒரு ஆய்வுக்கூடம். சின்னச் சின்னத் தடைகளைச் சேர்த்து அது கேட்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவு குறைவாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு தடையை வைத்தேன், மொத்தத் தடை குறைந்துவிட்டது. தடையைச் சேர்த்தால் தடை எப்படிக் குறையும்? மெஷின் கெட்டுப்போய்விட்டதா என்று பிரைட்டனைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது அத்தான், நான் அடிதடி மட்டும்தான் ஆடுவேன்" என்கிறான்.

இன்னொன்று. நான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அந்தக் கைட்டின் காதில் ஃபோன் அடிக்கிறது. பேங்கில் கொள்ளை, உடனே வா என்கிறார்கள். போலீஸ்காரனே கெஞ்சுகிறான். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். போய்ச் சேருவதற்குள் இன்னொரு பக்கம் தீப்பிடித்துவிட்டது என்கிறார்கள். திரும்பி வந்தால் ஆய்வுக்கூடத்தில் எல்லாம் முதலில் இருந்து. நீ எப்படிப் போகாமல் இருந்தாய்?

மகளே, நேராகக் கேட்கிறேன். விளையாட்டில்கூட சயன்ஸைத் தேடிப் போன பிள்ளை நீ. நாகர்கோவிலில் எம்.எஸ்சி. சீட்டு கிடைக்கும் என்று உன் காலேஜ் சாரே சொன்னார். பிறகு எதற்கு மடம்? மதர் இதைப் படிக்கிறார் என்றால் அவரிடமும் இதே கேள்விதான்.

அப்பா


கொடைரோடு
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் கடிதம் எழுத அனுமதி இல்லை, அதனால்தான் தாமதம்.

மெஷின் கெடவில்லை. நம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முன்வாசலில் என்ன நெரிசல் என்று உங்களுக்குத் தெரியும். பக்கவாசலையும் திறந்துவிட்டால் கூட்டம் சீக்கிரம் வெளியே போய்விடும். பக்கவாசல் குறுகலானதுதான், அதுவும் ஒரு தடைதான், ஆனாலும் போக இன்னொரு வழி கிடைத்துவிட்டது இல்லையா? தடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அப்படி. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வைத்தால்தான் கூடும்.

கொள்ளைக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. போகாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஃபோன் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். யாரும் சாகமாட்டார்கள். ஆரம்பத்தில் நானும் ஓடினேன். நான் போனால்தான் எல்லாம் சரியாகும் என்று நினைத்து ஓடிக்கொண்டே இருந்தேன்.

கதையை ஏன் ஆரம்பிக்கவில்லை என்றால், கதைக்குள் போனால் ஒவ்வொரு நிமிடமும் யாராவது அவளுக்கு உத்தரவு போடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை. தண்ணீரும் புகையும்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. அப்படிப்பட்டவள் எழுவதற்கு ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, பேசாமல் இருக்க ஒரு மணி என்று அடிக்கிற இடத்துக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால் எனக்கும் விளங்கவில்லை. உங்கள் கேள்வியை மதர் படித்தார். "நல்ல கேள்விதான். பதில் தெரிஞ்சா எனக்கும் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தைத் தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் சொல்வதுபோல அதில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை அப்பா. அது ஒரு விளையாட்டு.

அம்மா ஏன் எழுதுவதில்லை?

ரெஜிஷா


தேங்காய்ப்பட்டணம்
8 மே 2025

அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதமாட்டாள். "நீங்க எழுதுததே போதும்" என்கிறாள். ஆனால் என்னிடம் சொல்லித்தான் அனுப்புகிறாள். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். கரண்டு வேலை உன் கோயில் வாசலால் முடிந்தது. அடுத்த குடுவையில், எரிகிற பொருள்களின் வெளிச்சத்தைக் கோடுகோடாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று சில நிறக்கோடுகள். கொடுத்த கோடுகளைப் பார்த்து என்ன பொருள் என்று கண்டுபிடிக்கவேண்டும். நான் வைத்ததெல்லாம் தப்பு என்றது. மூன்று சாயங்காலம் போயிற்று. செபமாலை முடிந்து போகிற வழியில் உன் அம்மா நின்று பார்த்துவிட்டு, "செவப்ப எடுத்து பச்சையில வச்சா எப்படிச் சேரும்?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன்.

"ஒண்ணா? இது நல்ல ரத்தச் செவப்பாக்கும். ஒங்களுக்குக் கண்ணு தெரியலியா?"

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது ரெஜிஷா. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். கம்பெனி மெடிக்கலில் எப்படியோ தப்பித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன வருஷமா சொல்லல்லியே."

"கேட்டியா நீ?"

"அப்ப கலியாணத்துக்கு அந்தச் செவப்புச் சேலை?"

"எனக்க அக்கா எடுத்தது."

சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு அவள் நிறம் சொல்ல, நான் குச்சியைத் தள்ள, சோடியம், தாமிரம் எல்லாம் சேர்ந்தது. இப்போது தினமும் சாயங்காலம் வந்து உட்காருகிறாள். எனக்குப் பறக்கத் தெரியவில்லை என்று ஏச்சு வேறு. நம் வீட்டில் இப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படவேண்டியதுதானே? ஆனால் நீ இருந்த அறையைப் பார்த்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

நான் ஜனவரியில் வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். பிப்ரவரியில் நீ போனாய். இத்தனை வருஷம் உனக்காகத்தான் அங்கே கிடந்தேன், வந்து உன் முகத்தைச் சரியாகப் பார்க்குமுன் பெட்டியைக் கட்டிவிட்டாய். நான் வந்ததால்தான் போனாயா? உன் அம்மா இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதிவிட்டேன்.

அப்பா


கொடைரோடு
20 மே 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கேள்விக்கு என்ன எழுதுவது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

மடத்துக்கு வரவேண்டும் என்ற ஆசை காலேஜில் இரண்டாம் வருஷம் தியானத்துக்குப் போனபோது வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. போன அக்டோபரில் இங்கே எழுதிக் கேட்டேன். நீங்கள் ஊருக்கு வரப்போவது அப்போது எனக்குத் தெரியாது. அதனால் உங்களால் வந்தேன் என்று சொல்லமுடியாது.

ஆனால் அவர்கள் என்னை வரச்சொன்னது ஜூன் மாதம். முன்னாலேயே வரட்டுமா என்று ஜனவரிக் கடைசியில் நான்தான் கேட்டேன்.

அந்தச் சில வாரங்கள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அம்மா குழம்பை மேசையில் வைத்துவிட்டு, "உப்பு போதுமான்னு அப்பாட்ட கேளு" என்பாள். நீங்கள் அதே மேசையில் இருந்துகொண்டு, "போதும்னு சொல்லு" என்பீர்கள். ஃபேனைக் குறைக்க, கதவைச் சாத்த, சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் நான் நடுவில் நிற்கவேண்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருமினால் வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தூக்கிவாரிப்போடும். பிறகு அப்பா என்று நினைவு வரும். அதை நினைத்து வெட்கமாக இருக்கும். அம்மா உங்களைப் பற்றி என்னிடம் அழுவாள். நீங்கள் அம்மாவைப் பற்றி என்னிடம் வருத்தப்படுவீர்கள். நான் ஒரு மனுஷி, வீட்டுக்குள்ளேயே உங்கள் இருவருக்கும் ஃபோனாக இருக்க என்னால் முடியவில்லை.

அதனால் கடவுள் கூப்பிட்டு வந்தேனா, அங்கிருந்து ஓடி வந்தேனா என்று கேட்டால் இரண்டும் கலந்து கிடக்கிறது. எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் கோபமாக இருந்தேன். நான் இருந்தபோது ஏன் முடியவில்லை?

ஜூன் 14 சனிக்கிழமை எங்களை முறைப்படி ஏற்றுக்கொள்ளும் பூசை. அன்று ஒவ்வொருத்தியிடமும் "நீ கேட்பது என்ன?" என்பார்கள். பெற்றோர் வரவேண்டும். வருவீர்களா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ரெஜிஷா


தேங்காய்ப்பட்டணம்
1 ஜூன் 2025

மகளே,

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் கசக்கி எறிந்துவிட்டு வெளியே போனேன். மழை தொடங்கிவிட்டது, கடல் நல்ல கொந்தளிப்பு, துறைமுகத்தில் நிற்கமுடியவில்லை. நனைந்துகொண்டே திரும்பி வந்தேன். உன் அம்மா அதை நீவி எடுத்து மிச்சத்தையும் படித்து முடித்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பிள்ள எழுதுனதுல பொய் இல்ல" என்றாள். "நீங்க ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவிய, போவிய. மத்த நேரமெல்லாம் ஃபோனுல ஒரு சத்தம். அந்தச் சத்தத்துட்ட பேச எனக்குத் தெரியும். எதுத்தாப்புல ஆளா வந்து இருந்தா நான் என்னத்தப் பேச?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அதுக்கும் ரெஜிஷாட்டத்தானே சொல்லணும்."

எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நான் அனுப்பிய பணத்தில் உன்னைப் படிக்கவைத்தேன், வீடு கட்டினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

கடைசிக் குடுவை கலங்கரை விளக்கத்தின் உச்சியில் இருந்தது. புயல் நேரத்தில் கோபுரம் கோபுரமாகப் பறந்து மின்னலின் மின்சாரத்தை அளந்து வரவேண்டும். நேரம் கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவையும் பாதியில் முடிந்துபோகும். பிரைட்டன், "தாங்க அத்தான், ஒரு நிமிஷத்துல முடிச்சுத்தாறேன்" என்று கைநீட்டினான். உன் அம்மா அவன் கையில் அடித்தாள். கடைசியில் அவள் எந்தக் கோபுரத்துக்கு முதலில் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வர, நான் யோசிக்காமல் அவள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். முடிந்துவிட்டது.

பெரிதாக ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. குடுவை வெள்ளையாயிற்று. அந்தப் பெண் கலங்கரை விளக்கத்தின் மேல் நின்றாள். "இவ்வளவுதானா?" என்றாள் உன் அம்மா. "இவ்வளவுதான் போல" என்றேன். இனி கதையைத் தொடங்கலாமா என்று கேட்கிறாள். யோசிக்கவேண்டும்.

பதினான்காம் தேதி இருவரும் வருகிறோம். நீ என்ன கேட்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வருகிறேன் என்று சொன்னால் கூட்டிக்கொண்டு வருவோம். இருக்கிறேன் என்றால் இருந்துகொள். எது நடந்தால் எனக்குச் சந்தோஷம் என்று கேட்காதே. காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று தோன்றுகிறது.

நீ எப்படி இருக்கிறாய்?

அப்பா


கொடைரோடு
22 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். திங்கட்கிழமையில் இருந்து இங்குள்ள பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

அந்தக் கதையில் ஏதாவது சந்தேகம் வந்தால் பிரைட்டன் மாமாவிடம்தான் கேட்கவேண்டும். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.

பூசையில் நடந்ததை நீங்கள் இருவரும் கவனித்தீர்களா என்று எனக்குச் சந்தேகம், அதனால் எழுதுகிறேன். எல்லாருக்கும் பதிலை முன்னாலேயே சொல்லித் தந்திருந்தார்கள். "முழு மனதோடு என்னை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறேன்" என்று சொல்லவேண்டும். எனக்கு முன்னால் நின்றவள் கணீரென்று சொன்னாள். என் பெயரைக் கூப்பிட்டு, "நீ கேட்பது என்ன?" என்றபோது எனக்கு வாயே வரவில்லை. முழு மனது என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் இருவர் முகத்தையும் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும், அதை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா உங்கள் காதுக்குள் ஏதோ கடிந்துகொண்டிருந்தாள். "நாலு மணி பஸ்ஸ விட்டா பெறவு எப்பப் போக" என்பது மட்டும் எனக்கே கேட்டது. நீங்கள் கையை ஆட்டி ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது சந்தோஷமா, நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்ற வருத்தமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் வீட்டில் இருந்து யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை, துரத்தவும் இல்லை என்பது அந்த நிமிடத்தில் புரிந்தது. அப்படி நின்றபோதும் எனக்கு அங்கேயே நிற்கவேண்டும் என்றுதான் இருந்தது.

அதனால் திரும்பி, சொல்லித் தராத ஒன்றைச் சொன்னேன். "இங்க கொஞ்ச காலம் இருந்து பாக்கணும்னு கேக்கிறேன்" என்றேன். கோயிலில் யாரோ சிரித்தார்கள். பூசை வைத்த சாமியார் மதரைப் பார்த்தார். மதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

நீங்கள் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் யாருக்கு என்று இருவரும் மாறி மாறி எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தீர்கள். பஸ் கிளம்பிவிட்டது, என் பக்கம் திரும்பிக் கையசைக்கக்கூட உங்களுக்கு நேரமில்லை.

நான் அசைத்தேன்.

உங்கள் மகள்
ரெஜிஷா